எக்மோ சிகிச்சையில் இதயச் சிக்கல்கள்

எக்மோ சிகிச்சையில் இதயச் சிக்கல்கள் எனப்படுபவை, உடலுக்கு வெளியே இயங்கும் செயற்கை நுரையீரலின் துணையுடன் உயிர் காக்கப்படும் நோயாளிகளின் இதயத்தில் ஏற்படும் கோளாறுகளைக் குறிக்கும். வலது கீழறைச் செயலிழப்பு, இடது கீழறை விரிவடைதல், இதயத்தினுள் குருதி உறைதல், இதய அமுக்கம், இதயத் துடிப்புச் சீர்கேடுகள், இதயத் தசைக்கு ஆக்சிசன் குறைந்த குருதி செல்லுதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

இச்சிக்கல்கள் மூன்று வழிகளில் தோன்றுகின்றன. முதலாவது, நோயாளியை இச்சிகிச்சைக்குக் கொண்டுவந்த மூல நோய். இரண்டாவது, இதயத்திற்கு அருகே செருகப்படும் குழல்களும் அவற்றுக்காகக் கொடுக்கப்படும் குருதியுறைவு எதிர்ப்பு மருந்துகளும். மூன்றாவது, குருதியோட்டத்தின் இயல்பான பாதையையும் அழுத்தத்தையும் கருவியே மாற்றி அமைப்பது. உயிரைக் காக்கும் ஓட்டமே இதயத்தின் மீது சுமையாகவும் அமையக்கூடும் என்பதால், கருவியின் ஓட்டத்தை இதயத்தின் நிலைக்கேற்ப இடைவிடாது சரிசெய்வது இச்சிகிச்சையின் மையப் பணியாக உள்ளது.

பெயரும் பொருளும்

எக்மோ என்பது, "உடலுக்கு வெளியே சவ்வின் வழியாக ஆக்சிசன் ஏற்றுதல்" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் ஆகும். அறுவைச் சிகிச்சையின்போது சில மணி நேரம் பயன்படும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் தத்துவமே இதற்கும் அடிப்படை. ஆனால் எக்மோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கிலும் சில வேளைகளில் வாரக்கணக்கிலும் தொடர்ந்து இயங்கும் வகையில் அமைக்கப்பட்டது.

எக்மோ எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. நுரையீரலோ இதயமோ தானாகவோ மருந்துகளாலோ தேறி வருவதற்கான கால அவகாசத்தை மட்டுமே அது அளிக்கிறது.

இயங்கும் முறை

எக்மோ சுற்றில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

1. வெளியேற்றுக் குழல்: பெரிய சிரை ஒன்றின் வழியாகச் செலுத்தப்பட்டு, ஆக்சிசன் குறைந்த குருதியை வெளியே எடுக்கிறது.
2. மையவிலக்கு பம்பு: சுழலும் தட்டின் விசையால் குருதியை உறிஞ்சித் தள்ளுகிறது.
3. சவ்வு ஆக்சிசனேற்றி: ஆயிரக்கணக்கான நுண்ணிய உள்ளீடற்ற இழைகளைக் கொண்டது. இழைகளுக்குள் வளிமமும் இழைகளுக்கு வெளியே குருதியும் ஓடுகின்றன. ஆக்சிசன் குருதிக்குள் நுழைய, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது.
4. வெப்பப் பரிமாற்றி: குருதியின் வெப்பநிலையைப் பேணுகிறது.
5. திரும்பு குழல்: ஆக்சிசன் ஏறிய குருதியை உடலுக்குத் திருப்பி அனுப்புகிறது.

ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை இறைக்கிறது. பெரியவர்களுக்கான எக்மோ பொதுவாக நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் வரை இறைக்கிறது. அதாவது கருவியின் ஓட்டம் இதயத்தின் ஓட்டத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் உள்ளது. இதனால்தான் கருவியில் செய்யப்படும் சிறு மாற்றமும் இதயத்தில் எதிரொலிக்கிறது.

வகைகள்

சிரை-சிரை எக்மோ: குருதி சிரையிலிருந்து எடுக்கப்பட்டு, மீண்டும் சிரைக்கோ வலது மேலறைக்கோ அனுப்பப்படுகிறது. நுரையீரல் மட்டும் செயலிழந்த நிலையில் இது பயன்படுகிறது. உடல் முழுவதும் குருதியைச் செலுத்தும் பணியை நோயாளியின் இதயமே செய்யவேண்டும். இவ்வகை இதயத்திற்கு நேரடித் துணை எதையும் அளிப்பதில்லை.

சிரை-தமனி எக்மோ: குருதி சிரையிலிருந்து எடுக்கப்பட்டு, தமனிக்கு அனுப்பப்படுகிறது. இதயமும் செயலிழந்த நிலையில் இது பயன்படுகிறது. பெரியவர்களில் பெரும்பாலும் தொடைச் சிரையும் தொடைத் தமனியும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தொடைத் தமனியில் செலுத்தப்படும் குருதி, பெருந்தமனியில் கீழிருந்து மேலாக, இயல்புக்கு எதிரான திசையில் பாய்கிறது.

தேவைக்கேற்ப இவ்விரண்டும் இணைந்த கலப்பு முறைகளும் உண்டு.

வரலாறு

மே 6, 1953 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்னும் அறுவை மருத்துவர், தாம் உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் முதன்முறையாக வெற்றிகரமான திறந்த இதய அறுவையைச் செய்தார். அக்காலக் கருவிகளில் குருதியும் ஆக்சிசனும் நேரடியாகத் தொட்டுக்கொண்டன. இதனால் குருதி அணுக்கள் சிதைந்தன. சில மணி நேரத்திற்கு மேல் அவற்றை இயக்க முடியவில்லை. 1960-களில் தியோடர் கோலோபோ உள்ளிட்டோர் சிலிக்கோன் சவ்வைக் கொண்டு குருதியையும் வளிமத்தையும் பிரித்தபோது, நீண்ட நேரப் பயன்பாடு இயலக்கூடியதாயிற்று.

1971-ல் டொனால்ட் ஹில் குழுவினர் கலிபோர்னியாவில், விபத்தில் காயமுற்று நுரையீரல் செயலிழந்த 24 அகவை இளைஞர் ஒருவரை மூன்று நாட்கள் செயற்கை நுரையீரலில் வைத்துக் காப்பாற்றினர். 1975-ல் ராபர்ட் பார்ட்லெட் பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு இம்முறையை வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். 1989-ல் உடல்வெளி உயிராதரவு அமைப்பு தொடங்கப்பட்டு, பன்னாட்டு மருத்துவமனைகளின் தரவுகளைத் திரட்டும் பதிவேடு உருவானது.

சிரை-சிரை எக்மோவில் இதயம்

வலது கீழறைச் செயலிழப்பு

வலது கீழறை மெல்லிய சுவரைக் கொண்டது. குறைந்த அழுத்தத்தில் இயங்கும் நுரையீரல் குருதிக்குழாய்களுக்குள் குருதியைத் தள்ளுவதே அதன் பணி. கடும் மூச்சுத் திணறல் நோய்க்கூட்டறிகுறி உள்ளவர்களில் இக்குழாய்களின் தடை பல காரணங்களால் உயர்கிறது.

- ஆக்சிசன் குறைந்த நுரையீரல் பகுதிகளில் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன.
- கார்பன் டை ஆக்சைடு மிகுவதாலும் குருதியின் அமிலத்தன்மை கூடுவதாலும் அச்சுருக்கம் வலுப்பெறுகிறது.
- நுண்குழாய்களில் குருதிக்கட்டிகள் தோன்றுகின்றன.
- வெண்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவி உயர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும்போது, நுரையீரலின் நுண்குழாய்கள் நசுக்கப்படுகின்றன.

தடை திடீரென உயரும்போது வலது கீழறை வீங்குகிறது. இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள தடுப்புச்சுவர் இடப்புறமாகத் தள்ளப்பட, இடது கீழறைக்குள் குருதி நிரம்பும் இடம் சுருங்குகிறது. குருதியழுத்தம் வீழ்கிறது. வெண்டிலேட்டரில் உள்ள கடும் மூச்சுத் திணறல் நோயாளிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நிலை காணப்படுகிறது.

சிரை-சிரை எக்மோ பல நேரங்களில் இச்சுமையைக் குறைக்கிறது. ஆக்சிசன் நிறைந்த குருதி நுரையீரல் தமனிக்குச் செல்வதால் குழாய்கள் தளர்கின்றன. கார்பன் டை ஆக்சைடை கருவி நீக்கிவிடுவதால் வெண்டிலேட்டரின் அழுத்தத்தையும் குறைக்க முடிகிறது. ஆயினும் நுரையீரல் மிகவும் சேதமுற்றிருந்தால் தடை குறையாது. அப்போது சிரை-சிரை எக்மோ போதுமானதாக இருப்பதில்லை. குருதியை நேரடியாக நுரையீரல் தமனிக்கு அனுப்பி வலது கீழறையைத் தவிர்க்கும் முறைக்கோ, தமனிக்கும் ஒரு குழல் சேர்க்கும் கலப்பு முறைக்கோ மாறவேண்டியிருக்கும்.

இதயத்தின் ஓட்டமும் ஆக்சிசன் அளவும்

சிரை-சிரை முறையில், கருவியிலிருந்து வரும் ஆக்சிசன் மிகுந்த குருதியும் கருவிக்குள் செல்லாத சிரைக் குருதியும் வலது மேலறையில் கலக்கின்றன. போதிய ஆக்சிசன் செறிவைப் பெற, கருவியின் ஓட்டம் இதயத்தின் மொத்த ஓட்டத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கவேண்டும். காய்ச்சலாலோ குருதி நச்சேற்றத்தாலோ இதயம் மிக வேகமாக இறைக்கத் தொடங்கினால், கருவியின் ஓட்டம் மாறாத நிலையிலும் ஆக்சிசன் செறிவு குறைகிறது. நுரையீரல் மேலும் கெட்டுவிட்டதாக இதனைத் தவறாகக் கருத வாய்ப்புண்டு. எனவே செறிவு குறையும்போது, நுரையீரலுடன் இதயத்தின் ஓட்டத்தையும் சேர்த்து மதிப்பிடுவது தேவையாகிறது.

குழல்களால் ஏற்படும் காயம்

கழுத்துச் சிரை வழியாகச் செலுத்தப்படும் இரட்டைப் பாதைக் குழல், ஒரே துளையில் வெளியேற்றும் பணியையும் திருப்பும் பணியையும் செய்கிறது. இதனால் நோயாளி எழுந்து நடமாடவும் இயலும். பெரியவர்களுக்கான இக்குழலின் விட்டம் 9 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதன் திரும்பு துளை மூவிதழ் தடுக்கிதழை நோக்கி அமையவேண்டும். குழலோ, அதற்கு வழிகாட்டும் கம்பியோ இடம் மாறி வலது கீழறைக்குள் நுழைந்தால் இதயச் சுவர் துளைபடலாம். இக்காரணத்தால் எக்கோ அல்லது ஊடுகதிர்ப் படத்தை நேரடியாகப் பார்த்துக்கொண்டே இக்குழல் செருகப்படுகிறது.

சிரை-தமனி எக்மோவில் இதயம்

இடது கீழறை விரிவடைதல்

சிரை-தமனி எக்மோவின் மிகவும் குறிப்பிடத்தக்க இதயச் சிக்கல் இதுவாகும். குருதியை வெளியே தள்ளும்போது இதயம் எதிர்கொள்ளும் தடை பின்சுமை எனப்படும். கருவி பெருந்தமனிக்குள் குருதியைச் செலுத்தும்போது அங்கே அழுத்தம் உயர்கிறது. ஏற்கனவே பலவீனமடைந்த இடது கீழறை, அவ்வழுத்தத்தை மீறிப் பெருந்தமனித் தடுக்கிதழைத் திறக்கவேண்டியுள்ளது. திறக்க இயலாதபோது குருதி உள்ளேயே தேங்குகிறது.

கருவி வலப்புறத்திலிருந்து குருதியை எடுத்துவிடுவதால் இடப்புறம் வெறுமையாகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் கருவி எல்லாக் குருதியையும் எடுப்பதில்லை. வலது கீழறை வழியாக எஞ்சியது செல்கிறது. மேலும் மூச்சுக்குழாய்களின் சிரைகளும் இதயத் தசையின் நுண்சிரைகளும் இயல்பாகவே இடப்புற இதயத்திற்குள் குருதியைச் சேர்க்கின்றன. ஆகவே வெளியேறும் வழி அடைபட்ட இடது கீழறை மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டே இருக்கிறது.

இதன் விளைவுகள் ஒன்றையொன்று தூண்டும் சங்கிலியாக அமைகின்றன.

1. கோள வடிவக் கலத்தின் சுவரில் ஏற்படும் இழுவிசை, உள்ளழுத்தத்துடனும் ஆரத்துடனும் நேர்விகிதத்தில் கூடும். சுவர்த் தடிப்புடன் எதிர்விகிதத்தில் குறையும் என்பது லாப்லாஸ் விதி. கீழறை வீங்கும்போது அழுத்தமும் ஆரமும் கூடுகின்றன; சுவரோ மெலிகிறது. எனவே இதயத் தசையின் ஆக்சிசன் தேவை உயர்கிறது.
2. இதயத் தசைக்குக் குருதியைச் செலுத்தும் அழுத்தம் என்பது, விரிவு நிலையில் பெருந்தமனியில் உள்ள அழுத்தத்துக்கும் கீழறைக்குள் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு ஆகும். எடுத்துக்காட்டாக, பெருந்தமனியில் 60 மி.மீ. பாதரசமும் கீழறையில் 10 மி.மீ. பாதரசமும் இருந்தால் வேறுபாடு 50. கீழறை அழுத்தம் 30 ஆக உயர்ந்தால் வேறுபாடு 30 மட்டுமே. தேவை கூடும் அதே வேளையில் வழங்கல் குறைகிறது.
3. உயர்ந்த அழுத்தம் இடது மேலறை வழியாக நுரையீரலுக்குப் பரவுகிறது. நுரையீரலில் நீர் கோர்க்கிறது; சில வேளை குருதிக்கசிவும் ஏற்படுகிறது.
4. தடுக்கிதழ் திறக்காத நிலையில் கீழறையிலும் பெருந்தமனியின் அடிப்பகுதியிலும் குருதி அசைவற்று நின்று உறைகிறது.

இதயத்தினுள் குருதி உறைதல்

எக்மோ நோயாளிகளுக்கு ஹெப்பாரின் போன்ற குருதியுறைவு எதிர்ப்பு மருந்துகள் வழக்கமாகக் கொடுக்கப்படுகின்றன. ஆயினும் ஓட்டமற்ற இடத்தில் குருதி உறைவதை மருந்தால் மட்டும் தடுக்க இயலுவதில்லை. இடது கீழறையில் தோன்றும் கட்டி, இதயம் தேறி மீண்டும் துடிக்கத் தொடங்கும் வேளையில் மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். பெருந்தமனியின் அடிப்பகுதியில் தோன்றும் கட்டி இதயத் தமனிகளை அடைக்கலாம். ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் அல்லது சில துடிப்புகளுக்கு ஒருமுறையாவது பெருந்தமனித் தடுக்கிதழ் திறப்பதை உறுதிசெய்வது சிகிச்சையின் இலக்குகளில் ஒன்றாகும்.

மேலுடல் ஆக்சிசன் குறைவு

தொடை வழிச் சிரை-தமனி எக்மோவில் இரண்டு ஓட்டங்கள் பெருந்தமனியில் எதிரெதிராகச் சந்திக்கின்றன. இதயத்திலிருந்து வரும் ஓட்டம் மேலிருந்தும், கருவியிலிருந்து வரும் ஓட்டம் கீழிருந்தும் பாய்கின்றன. இதயம் மிகவும் பலவீனமாக உள்ளபோது கருவியின் குருதி பெருந்தமனி வளைவு வரை எட்டி, மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிசனை அளிக்கிறது.

இதயம் தேறும்போது சந்திப்பிடம் கீழே நகர்கிறது. நுரையீரல் இன்னும் தேறவில்லையெனில், அதன் வழியாக வந்த ஆக்சிசன் குறைந்த குருதியே இதயத் தமனிகளுக்கும் மூளைக்கும் செல்கிறது. கால்கள் சிவந்தும் முகமும் கைகளும் நீலம் பாய்ந்தும் காணப்படுவதால், இரு வண்ண உடை அணியும் ஐரோப்பியக் கோமாளிப் பாத்திரத்தின் பெயரால் இது ஆர்லிக்குவின் நோய்க்கூட்டறிகுறி என்றும் அழைக்கப்படுகிறது. இதயம் தேறுவதே ஆபத்தாக மாறும் நிலை இது.

இதனைக் கண்டறிய வலது கையின் தமனியிலிருந்து குருதி மாதிரி எடுக்கப்படுகிறது. வலது கைக்குச் செல்லும் தமனி பெருந்தமனி வளைவின் முதல் கிளையிலிருந்து பிரிவதால், இதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் குருதியின் நிலையை அதுவே சிறப்பாகக் காட்டுகிறது. காலிலிருந்தோ இடது கையிலிருந்தோ எடுக்கப்படும் மாதிரி நலமாகத் தோன்றினாலும் அது ஏமாற்றக்கூடும். இந்நிலை கண்டறியப்பட்டால், வெண்டிலேட்டரைச் சரிசெய்தல், திரும்பும் குருதியின் ஒரு பகுதியைக் கழுத்துச் சிரைக்கு அனுப்புதல், இதயம் போதிய அளவு தேறியிருப்பின் சிரை-சிரை முறைக்கு மாறுதல் ஆகியவை மேற்கொள்ளப்படுகின்றன.

இரு வகைகளிலும் தோன்றும் சிக்கல்கள்

இதய அமுக்கம்

இதயத்துக்கும் அதன் வெளியுறைக்கும் இடையே குருதி சேர்ந்து, இதயம் விரிய இயலாதவாறு அழுத்துவது இதய அமுக்கம் எனப்படும். குழல் காயம், அண்மையில் நடந்த இதய அறுவை, மார்பு அழுத்தத்தால் ஏற்பட்ட காயம் ஆகியவை காரணங்களாகலாம். குருதியுறைவு எதிர்ப்பு மருந்துகள் கசிவை மிகுவிக்கின்றன. எக்மோவில் இதன் முதல் அறிகுறி கருவியிலேயே தென்படலாம். வெளியேற்றுக் குழலுக்குள் போதிய குருதி வராமல் குழாய் நடுங்கும், ஓட்டம் குறையும். உடலில் நீர் குறைந்தாலும் இதே நடுக்கம் தோன்றும் என்பதால், நீர்மம் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் உண்மைக் காரணம் மறைந்துவிடும். எக்கோ பரிசோதனை இதனைப் பிரித்தறிய உதவுகிறது. தேங்கிய குருதியை வெளியேற்றுவதே தீர்வு.

துடிப்புச் சீர்கேடுகள்

மேலறை நடுக்கம், கீழறை மிகைத்துடிப்பு, கீழறை நடுக்கம் ஆகியவை காணப்படுகின்றன. பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கம், இதயத் தசையின் ஆக்சிசன் குறைவு, இதயத்தை ஊக்குவிக்கும் மருந்துகள், குழல் இதயச் சுவரை உரசுதல் முதலியன காரணங்கள் ஆகும்.

சிரை-சிரை எக்மோவில் கீழறை நடுக்கம் ஏற்பட்டால் குருதியோட்டம் நின்றுவிடும். உடனடி மார்பு அழுத்தமும் மின்னதிர்ச்சியும் தேவை. சிரை-தமனி எக்மோவில் கருவி ஓட்டத்தைத் தாங்குவதால் குருதியழுத்தம் ஓரளவு நிலைத்திருக்கும். நோயாளி விழிப்புடன் இருப்பதும் கூட இயலும். ஆனால் இத்தோற்றத்தை நம்பித் தாமதித்தால், துடிக்காத இடது கீழறை விரைவில் வீங்கிவிடும்.

இதயத் தசைச் சோர்வு

குருதி நச்சேற்றம், இதயத் தசை அழற்சி, கடும் ஆக்சிசன் குறைவு ஆகியவற்றால் இதயத் தசை தற்காலிகமாகச் சோர்வுறலாம். சிரை-சிரை எக்மோவில் தொடங்கிய நோயாளிக்குப் பின்னர் சிரை-தமனி முறை தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வகைச் சோர்வு பெரும்பாலும் மீளக்கூடியது.

பச்சிளங்குழந்தைகளில்

பச்சிளங்குழந்தைகளின் இதயத் தசை, திடீரென உயரும் பின்சுமையைத் தாங்கும் திறன் குறைந்தது. சிரை-தமனி எக்மோ தொடங்கிய பின்னர் சில குழந்தைகளில் இதயம் ஏறத்தாழ இறைப்பதையே நிறுத்திவிடுகிறது. சுருக்க, விரிவு அழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடு 10 மி.மீ. பாதரசத்துக்கும் கீழே குறைகிறது. இதயத் திகைப்பு எனப்படும் இந்நிலை, கருவி ஆதரவு தொடர்ந்தால் பெரும்பாலும் சில நாட்களில் மறைகிறது.

மற்றொரு முக்கியக் கவனம் நோயறிதல் பற்றியது. நுரையீரல் சிரைகள் தவறான இடத்தில் இணைந்திருக்கும் பிறவி இதயக் குறைபாடு, நுரையீரல் நோயைப் போலவே தோற்றமளிக்கும். அறுவையால் சரிசெய்யவேண்டிய இக்குறையைத் தவறவிடாதிருக்க, எக்மோ தொடங்கும் முன்னர் எக்கோ பரிசோதனை செய்யப்படுகிறது.

கண்காணிப்பு

- துடிப்பழுத்தம்: தமனி அழுத்த வரைபடத்தில் அலைகள் தட்டையாகிவிட்டால், பெருந்தமனித் தடுக்கிதழ் திறக்கவில்லை என ஐயுறவேண்டும்.
- எக்கோ பரிசோதனை: கீழறைகளின் அளவு, தடுக்கிதழின் அசைவு, குருதிக்கட்டி, குழலின் இருப்பிடம், இதயத்தைச் சுற்றிய நீர்மம் ஆகியவற்றைக் காட்டுகிறது.
- இதய மின்னலை வரைவு: துடிப்புச் சீர்கேட்டையும் தசைக் குருதிக்குறைவையும் காட்டுகிறது.
- வலது கைத் தமனிக் குருதி: மேலுடலின் ஆக்சிசன் நிலையைக் காட்டுகிறது.
- மார்பு ஊடுகதிர்ப் படம்: நுரையீரல் நீர்க்கோர்வையை வெளிப்படுத்துகிறது.
- குருதிச் சோதனைகள்: லாக்டேட்டு, டிரோப்போனின், மின்பகுபொருள்கள், உறைவு நேரம் முதலியன.

இடது கீழறைச் சுமை குறைத்தல்

இடது கீழறை வீங்கும்போது எளிய வழிகளிலிருந்து கடினமானவற்றுக்குப் படிப்படியாகச் செல்வது வழக்கம்.

முதற்படியில், உடலுக்குப் போதுமான அளவுக்குக் கருவியின் ஓட்டம் குறைக்கப்படுகிறது. மிகுந்த நீர்மம் வெளியேற்றப்படுகிறது. குருதிக்குழாய்களைத் தளர்த்தும் மருந்துகளும், டோபியூட்டமின், மில்ரினோன் போன்ற இதயத்தை ஊக்குவிக்கும் மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. இவை போதாவிடின் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. பெருந்தமனிக்குள் வைக்கப்படும் பலூன், இதயம் சுருங்கும் வேளையில் தானும் சுருங்கித் தடையைக் குறைக்கிறது. தமனி வழியாக இடது கீழறைக்குள் செலுத்தப்படும் நுண்பம்பு, தேங்கிய குருதியை நேரடியாகப் பெருந்தமனிக்கு இறைக்கிறது. மேலறைகளுக்கு இடையிலான தடுப்புச்சுவரில் துளையிட்டு, இடப்புறக் குருதியை வலப்புறத்துக்கு வடியச்செய்வதும் உண்டு. அறுவை மூலம் இடது கீழறையில் நேரடியாக வடிகுழல் பொருத்துவது மற்றொரு வழியாகும்.

ஒவ்வொரு கூடுதல் கருவியும் குருதிக்கசிவு, குருதியணுச் சிதைவு, கால்களின் குருதியோட்டக் குறைவு போன்ற புதிய ஆபத்துகளையும் கொண்டுவருகிறது.

ஆய்வுகள்

- 1979: அமெரிக்காவில் கடும் நுரையீரல் செயலிழப்புள்ள 90 பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், எக்மோ பெற்றவர்கள், பெறாதவர்கள் ஆகிய இரு பிரிவிலும் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே பிழைத்தனர். அவ்வாய்வில் சிரை-தமனி முறை பயன்பட்டது. இதன் பின்னர் பெரியவர்களுக்கான எக்மோ பல ஆண்டுகள் பின்னடைவு கண்டது.
- 1986: இத்தாலியில் லூசியானோ கத்தினோனி குழுவினர், சிரைகளுக்கிடையே குறைந்த ஓட்டத்தில் கார்பன் டை ஆக்சைடை நீக்கி நுரையீரலுக்கு ஓய்வளித்தனர். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தனர்.
- 2009: பிரித்தானியாவில் 180 பேரிடம் நடந்த ஆய்வில், எக்மோ மையத்துக்கு அனுப்பப்பட்டோரில் 63 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குப் பின் கடும் ஊனமின்றி உயிருடன் இருந்தனர். வழமையான சிகிச்சையில் இது 47 விழுக்காடு.
- 2018: 249 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில் 60 நாள் இறப்பு, எக்மோ பிரிவில் 35 விழுக்காடும் மற்றப் பிரிவில் 46 விழுக்காடும் ஆகும். இவ்வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதிப்படவில்லை. மற்றப் பிரிவில் 28 விழுக்காட்டினர் இடையில் எக்மோவுக்கு மாற்றப்பட்டனர்.
- 2023: மாரடைப்பால் இதய அதிர்ச்சியுற்றோரிடம் ஜெர்மனியிலும் சுலோவீனியாவிலும் நடந்த ஆய்வில், 30 நாள் இறப்பு சிரை-தமனி எக்மோ பிரிவில் 47.8 விழுக்காடு, மற்றப் பிரிவில் 49.0 விழுக்காடு. குருதிக்கசிவும் கால் குருதிக்குழாய்ச் சிக்கல்களும் எக்மோ பிரிவில் மிகுதியாக இருந்தன. இடது கீழறைச் சுமை குறைத்தல் மிகச் சிலருக்கே செய்யப்பட்டிருந்தது.

இம்முடிவுகள், கருவியால் ஓட்டத்தை மீட்பதும் நோயாளியை மீட்பதும் ஒன்றல்ல என்பதைக் காட்டுகின்றன. எந்த நோயாளிக்கு, எப்போது, எந்த அளவு ஓட்டத்தில் என்பவையே பயனைத் தீர்மானிக்கின்றன.

தமிழகத்தில்

தமிழ்நாட்டின் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா, டிசம்பர் 4, 2016 அன்று சென்னையில் மருத்துவமனையில் இருந்தபோது ஏற்பட்ட இதய நிறுத்தத்தைத் தொடர்ந்து எக்மோ ஆதரவில் வைக்கப்பட்டார். மறுநாள் அவர் காலமானார். எக்மோ என்னும் சொல் தமிழ்ச் செய்தித்தாள்களில் பரவலாக இடம்பெற்றது அப்போதுதான். 2020-ல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் கோவிட்-19 நோயால் சென்னையில் சேர்க்கப்பட்டு, வெண்டிலேட்டர், எக்மோ ஆகியவற்றின் ஆதரவில் பல வாரங்கள் இருந்து, செப்டம்பர் 25 அன்று காலமானார்.

இவ்விரு நிகழ்வுகளால் எக்மோ என்றாலே இறுதிக் கட்டம் என்ற எண்ணம் பலரிடம் தோன்றக்கூடும். 2020-ல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டின் முதல் ஆய்வில், எக்மோ பெற்ற 1035 கோவிட்-19 நோயாளிகளில் மருத்துவமனை இறப்பு 40 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. பெரும்பான்மையோர் பிழைத்தனர் என்பதும், மிகத் தீவிர நிலையிலுள்ளோருக்கே இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது என்பதும் ஒருங்கே கருதத்தக்கன.

கருவியிலிருந்து விடுவித்தல்

சிரை-தமனி எக்மோவில், ஓட்டம் படிப்படியாக நிமிடத்துக்கு 1 முதல் 1.5 லிட்டர் அளவுக்குக் குறைக்கப்பட்டு, எக்கோ மூலம் இதயம் கவனிக்கப்படுகிறது. குறைந்த ஓட்டத்திலும் குருதியழுத்தம் நிலைத்து, இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் 20 முதல் 25 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கருவியை நீக்குவது பற்றி எண்ணலாம். இயல்பான விகிதம் 55 விழுக்காட்டுக்கு மேல் என்பதால், முழுமையாகத் தேறும் வரை காத்திருப்பதில்லை என்பது விளங்கும். கருவியில் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று, கசிவு, உறைவு ஆகிய ஆபத்துகளைக் கூட்டுவதே இதற்குக் காரணம்.

சிரை-சிரை எக்மோவில் குருதியோட்டத்தை நிறுத்தாமல், ஆக்சிசனேற்றிக்குள் செல்லும் வளிமம் மட்டும் குறைக்கப்பட்டுப் பின்னர் நிறுத்தப்படுகிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடு உயர்ந்து வலது கீழறை மீண்டும் திணறுகிறதா எனக் கவனிப்பது இன்றியமையாதது.

இதயம் தேறாத நிலையில் இதய மாற்று அறுவை, நிலையான இதயத் துணைக் கருவி ஆகியவை கருதப்படுகின்றன. இவற்றுக்கும் தகுதியில்லாத நோயாளிக்கு, கருவி இயங்கும் வரை உயிர் நீடிக்கும். கருவியை விட்டு வெளியேற வழியிராது. சிலர் நினைவுடன் பேசும் நிலையிலும் இவ்வாறு இருப்பதுண்டு. ஆகவே சிகிச்சை தொடங்கும்போதே அதன் நோக்கம், கால அளவு, நிறுத்தும் சூழ்நிலை ஆகியவற்றைக் குடும்பத்தாருடன் மருத்துவர்கள் கலந்து பேசுவது வலியுறுத்தப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- இதயம்
- நுரையீரல்
- இதய-நுரையீரல் இயந்திரம்
- செயற்கைச் சுவாசம்
- கடும் மூச்சுத் திணறல் நோய்க்கூட்டறிகுறி
- இதய மாற்று அறுவை